மரங்களை இனங்காண்போம், பெயர்களின் பொருள் உணர்வோம்

எமது முன்னோர் மரங்களைக் கொண்டே ஆலயங்களையும் ஊர்களையும் அடையாளங் கண்டனர். மானிப்பாய் மருதடி, மருதங்கேணி, பூவரசங்குளம், புளியங்குளம் என்பன இதற்குச் சான்றாகும். இன்றைய பிள்ளைகள் பலருக்கு இப்பெயர்கள் தெரியும், மரங்கள் தெரியா. மரத்தின் பெயர் அதன் இயல்பொன்றைச் சொல்லும். எனினும் பெயரை மட்டும் நம்பினால் தவறவும் நேரும். மூன்று எடுத்துக்காட்டுகளை நோக்குவோம்.

1. அரசும் பூவரசும்

இரண்டின் இலையும் இதய வடிவானது. அரசிலையின் நுனி வால்போல நீண்டிருக்கும். பூவரசிலைக்கு அந்த வால் இல்லை. அரசின் பூக்கள் காய்போன்ற உருண்டையினுள் மறைந்திருப்பதால் வெளியே தெரியா. மற்றதோ மஞ்சள் நிறப் பூக்களை எல்லோரும் காணப் பூக்கும். ஆகவே அது பூவரசு ஆயிற்று. ஆனால் இவை உறவு மரங்கள் அல்ல. அரசு, ஆல், அத்தி என்பன ஒரு குடும்பம். பூவரசு செம்பருத்தியின் குடும்பம். இலையைக் கிள்ளினால் அரசில் வெண்பால் கசியும், பூவரசில் கசியாது.

2. பாலையும் ஏழிலைப்பாலையும்

பால் உடைமையால் இரண்டும் பாலை எனப்பட்டன. வன்னிக் காடுகளில் இனிய மஞ்சட் பழம் தரும் பாலை, இலுப்பையின் குடும்பம். வைரம் மிக்க மரம். ஏழிலைப்பாலை அலரியின் குடும்பம், இலேசான மரம். அதன் இலைகள் கணுவைச் சுற்றி வட்டமாக அமையும். பெயர் ஏழு என்றாலும் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் இருக்கும்.

3. அசோகும் நெட்டிலிங்கமும்

அசோகம் என்னும் வடசொல்லுக்குத் துயரற்றது என்பது பொருள். மதிலோரம் நெடிதாக வளரும் நெட்டிலிங்கத்தையே பலர் அசோகு என்கின்றனர். நெட்டிலிங்கத்தின் இலை தனியிலை; ஓரம் அலைபோன்றது; பூ பச்சை நிறம். அசோகின் இலையோ பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை. பூ செம்மஞ்சட் கொத்து. அசோகப் பட்டை மருந்துக்குரியது. அதனுடன் நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்பதுண்டு. இங்கு பெயர்க் குழப்பம் நோயாளியையே பாதிக்கின்றது.

பெற்றோரே, திருவிழாவுக்கு வரும்போது ஆலய வீதியில் நிற்கும் ஒரு மரத்தையேனும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இலை, பால், பூ, காய் ஆகிய நான்கையும் அவதானிக்கப் பழக்குங்கள். தல விருட்சம் ஒருநாள் பட்டுப்போகலாம். அப்போது அதே மரத்தின் கன்றைத் தேடி நடவேண்டியவர்கள் இப்பிள்ளைகளே. மரத்தை இனங்காணத் தெரியாதவர் எதனை நடுவார்? பெயர் பலகையில் இருக்கும், மரம் வேறாகிவிடும்.