மோட்டார் சைக்கிளுக்கு டயர் தேர்ந்தெடுத்தல்: தங்கவயல் சாலைகளைக் கொண்டு ஒரு பாடம்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸ், பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்ற தங்கச் சுரங்கத்தால் உலகெங்கும் அறியப்பட்ட ஊராகும். அச்சுரங்கத்தினுள் இறங்கிய தொழிலாளரின் உயிர், கூண்டைத் தாங்கிய கம்பிவடத்தை நம்பியிருந்தது. வடம் அறும்வரை காத்திருப்பதென்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அதன் நுனியை அவ்வப்போது வெட்டிச் சோதிப்பதும், குறித்த காலம் முடிந்தவுடன், பார்வைக்கு நன்றாயிருப்பினும், அதனை நீக்கிவிடுவதும் சுரங்க ஒழுங்கு விதிகள் வகுத்த முறையாகும்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளுடன் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் தங்கவயல் மக்களில் பல்லாயிரவர் பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு நாள்தோறும் சென்று திரும்பலாயினர். பெரும்பாலோர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயில்களில் செல்கின்றனர். இரயில் நேரத்துக்கு இசையாத வேலைமுறை உடையவர்கள், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவை மோட்டார் சைக்கிளிலேயே கடக்கின்றனர். விடுமுறை நாட்களில் வி.கோட்டா வழியாக மலைப்பாதையில் இறங்கிப் பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர் முதலிய ஊர்களிலுள்ள உறவினரைக் காணச் செல்வோரும் உண்டு. கம்பிவடம் தாங்கிய பொறுப்பை இவர்களுக்கு இரண்டு டயர்கள் தாங்குகின்றன. ஆயினும் வடத்துக்குக் காட்டப்பட்ட கவனத்தில் ஒரு சிறு பங்கேனும் டயருக்குக் காட்டப்படுவதில்லை. இக்குறையை நீக்கக் களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய செய்திகளை இங்குக் காண்போம்.

தரையைத் தொடும் பரப்பு

விரைவும் நெடுந்தொலைவும் ஒருங்கே வேண்டுவோருக்கென அமைந்த வண்டியை ‘ஸ்போர்ட் டூரிங்’ வகை என்பர். அத்தகைய வண்டியொன்றின் எடை 220 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ, பின்னால் அமர்பவர் 60 கிலோ, மூட்டை 25 கிலோ எனக் கொள்வோம். மொத்தம் 380 கிலோ. இதில் நூற்றுக்கு 60 பங்கு, அதாவது 228 கிலோ, பின் டயரின் மீதும், எஞ்சிய 152 கிலோ முன் டயரின் மீதும் விழுவதாக வைத்துக்கொள்வோம். பின் டயரில் சதுர அங்குலத்துக்கு 42 பவுண்டும், முன் டயரில் 36 பவுண்டும் காற்றழுத்தம் இருப்பின், அவை சதுர சென்டிமீட்டருக்கு முறையே சுமார் 2.95 கிலோவும் 2.53 கிலோவும் ஆகும். பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறையக் கிடைத்துவிடும். பின் டயருக்கு 77 சதுர சென்டிமீட்டர். முன் டயருக்கு 60. இரண்டும் சேர்ந்து 137. நம் நாட்டு அஞ்சலட்டையின் பரப்பு 126 சதுர சென்டிமீட்டர். எனவே இரு மனிதரையும் ஒரு வண்டியையும் சாலையில் பற்றி நிறுத்துவது, ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய ரப்பர்ப் பரப்பே என்பது தெளிவாகும்.

உராய்வும் உயிரும்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்தத் தேவையான தொலைவு, டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு எண்ணைப் பொறுத்தது. அவ்வெண் 0.8 ஆயின், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 31 மீட்டரில் வண்டி நிற்கும். அது 0.4 ஆகக் குறையின், 63 மீட்டர் தேவைப்படும். முன்னே நிற்கும் லாரி 40 மீட்டர் தொலைவில் இருப்பின், முதலாமவர் வீடு திரும்புவார். இரண்டாமவரின் கதி என்னவென்று கூற வேண்டியதில்லை.

வளைவுகளிலும் இதே விதி செல்லும். 50 மீட்டர் ஆரமுள்ள மலைப்பாதை வளைவை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க, வண்டி ஏறத்தாழ 30 பாகை சாய வேண்டும். உராய்வு எண் 0.57-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். மழையினாலோ தூசியினாலோ அது 0.5 ஆகிவிட்டால், 56 கிலோமீட்டர் வேகத்திலேயே டயர் வழுக்கத் தொடங்கும்.

தங்கவயலில் தூசி சிறப்பாகக் கருதத்தக்கது. தங்கம் பிரித்தெடுத்தபின் எஞ்சிய அரைத்த கல், மூன்று கோடி டன்னுக்கு மேல், ‘சயனைடு மேடு’களாகக் குவிந்து கிடக்கின்றது. காற்றடிக்கும் காலத்தில் அதன் நுண்துகள்கள் சாலைகளில் படிகின்றன. இத்துகள் ரப்பருக்கும் தாருக்கும் இடையே உருளும் மணிகளைப்போல் நின்று பிடிப்பைக் குறைக்கும். முதல் தூறல் விழும்போது அதுவே வழுக்கும் சேறாகும். எத்துணைச் சிறந்த டயரும் இவ்விடத்தில் மெதுவாகச் செல்வதற்கு ஈடாகாது.

ரப்பரும் கட்டமைப்பும்

மென்மையான ரப்பர் சாலையை நன்கு பற்றும்; ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், பிடிப்பில் குறையும். பந்தய வண்டிகளின் டயர் முதல் வகையது. நெடும்பயணத்துக்கெனவே செய்த டயர் இரண்டாவது வகையது. இடைப்பட்டதான ஸ்போர்ட் டூரிங் டயர்களில், நடுப்பகுதியைக் கடினமான ரப்பராலும் இரு பக்கங்களையும் மென்மையான ரப்பராலும் செய்வது இன்று பரவலான முறை. நேர்ச்சாலையில் நடுப்பகுதியும், வளைவில் பக்கங்களும் தரையைத் தொடுவதால் இவ்வேற்பாடு பொருத்தமாகின்றது. ரப்பரில் சிலிக்கா சேர்ப்பதனால் ஈரச்சாலையில் பிடிப்பு மிகுகின்றது.

டயரின் உள்ளே நூலிழை அடுக்குகள் உள்ளன. அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சென்றால் ‘பயஸ்’ டயர் எனவும், விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகச் சென்றால் ‘ரேடியல்’ டயர் எனவும் பெயர். ரேடியல் டயர் வேகத்தில் குறைவாகச் சூடேறும். பயஸ் டயர் சற்றுக் கனத்த பாரத்தையும் கரடான பாதையையும் பொறுக்கும். வண்டியைச் செய்தவர் அனுமதித்தாலன்றி ஒரு சக்கரத்தில் ஒரு வகையும் மற்றதில் வேறு வகையும் பொருத்தலாகாது.

டயரின் மேலுள்ள எழுத்துக்கள்

டயரின் பக்கச்சுவரை வாசிக்கக் கற்றவர் கடைக்காரரின் சொல்லை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. உதாரணமாக, 180/55 இசட்.ஆர். 17 73 டபிள்யூ என்னும் குறியைக் காண்க. 180 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு உயரம். அதாவது 99 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 17 என்பது அங்குலத்தில் விளிம்பின் விட்டம். 73 என்பது பாரக் குறியீடு. 365 கிலோவைக் குறிக்கும். டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வரையுள்ள வேகத் தகுதி. எச் என்னும் எழுத்து 210-ஐயும், வி என்பது 240-ஐயும் குறிக்கும். பழைய புல்லட் வண்டிகளில் 3.25–19 என இரண்டு அளவுகளும் அங்குலத்திலேயே காணப்படும்.

“நான் 80-க்கு மேல் செல்வதில்லை, எனக்கு இவ்வேகத் தகுதி எதற்கு?” என்று சிலர் வினவலாம். வேகத் தகுதி என்பது டயர் தாங்கக்கூடிய உஷ்ணத்தையும் காட்டும் அளவாகும். ஆதலின் வண்டியின் கையேடு கூறும் பாரக் குறியீட்டுக்கோ வேகத் தகுதிக்கோ குறைந்த டயரை விலை கருதி வாங்குதல் தகாது. அகலம் மிகுந்த டயர் அழகென்று கருதி, விளிம்புக்குப் பொருந்தாததை மாட்டுவதும் பிழையே. அதனால் டயரின் வட்டவடிவம் கெட்டு, வண்டி சாய்வது கடினமாகும்.

நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துள் பொறிக்கப்பட்டிருக்கும். 3224 எனின், 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ரப்பர் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வெயிலாலும் காற்றாலும் இறுகி வெடிப்புறும். கடையில் நெடுநாள் கிடந்த டயர் பள்ளங்கள் ஆழமாயிருப்பினும் புதியதன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15627 இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளின் டயருக்குரிய தரநிர்ணயமாகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையை நோக்கியே வாங்குக.

காற்றழுத்தமும் மலையிறக்கமும்

சாம்பியன் ரீப்ஸ் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழிக் காலையில் 15 பாகை சென்டிகிரேடில் 36 பவுண்டு காற்றடைத்துப் புறப்படும் ஒருவரின் டயர், வேலூர்ச் சமவெளியில் 40 பாகைக்குச் சூடேறினால், அழுத்தம் ஏறத்தாழ 40 பவுண்டாகும். தாழ்வான இடத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் மிகுவதால் அளவுமானி ஒரு பவுண்டு அளவு குறைத்துக் காட்டும். எனினும் உஷ்ணத்தின் விளைவே பெரிது. இதைக் கண்டு அஞ்சிக் காற்றை இறக்கிவிடுவோர் தவறு செய்கின்றனர். டயர் குளிர்ந்ததும் அழுத்தம் தேவைக்குக் குறைந்துவிடும். கையேட்டில் கூறப்பட்ட அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. ஆதலின் புறப்படுமுன் அளப்பதே முறை. இருவர் ஏறும்போதும் மூட்டை ஏற்றும்போதும் கையேடு கூறும் உயர்ந்த அளவைக் கொள்க.

தேய்வை அறிதல்

பள்ளங்களின் அடியில் சிறு ரப்பர் மேடுகள் உள்ளன. அவை இருக்குமிடத்தை டி.டபிள்யூ.ஐ. என்னும் எழுத்துக்கள் காட்டும். தேய்ந்த மேற்பரப்பு அம்மேட்டுக்குச் சமமானதும் டயரின் ஆயுள் முடிந்தது. மழைநீரை வெளியேற்றும் வழி அதற்குமேல் அதில் இல்லை. நாள்தோறும் பெங்களூருக்கு நேர்ச்சாலையில் செல்பவரின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்வது இயல்பு. அத்தகைய டயருடன் மலைப்பாதையில் சாயும்போது, தட்டையின் ஓரத்தில் வண்டி திடீரெனச் சரிவதுபோல் தோன்றும். பக்கங்களில் ரப்பர் மிகுந்திருப்பதைக் கண்டு “இன்னும் ஓடும்” என்பது ஏமாற்றமே. புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாயிருப்பதால் முதல் 150 கிலோமீட்டர் வரை வேகத்தையும் சாய்வையும் அடக்கிச் செல்லல் நன்று.

வகுப்பறைக்கான சோதனைகள்

1. ஒரு சைக்கிள் டயரில் சுண்ணப்பொடி தடவி, ஒரு மாணவனை அமர்த்திக் கட்டத்தாளின் மீது நேராக அழுத்துக. பதிந்த கட்டங்களை எண்ணிப் பரப்பைக் காண்க. காற்றைக் குறைத்து மீண்டும் செய்து ஒப்பிடுக.

2. மரக்கட்டையின் அடியில் பழைய டியூப் துண்டை ஒட்டி, வில் தராசால் சிமெண்டுத் தரையில் இழுக்கவும். தரை உலர்ந்தபோதும், நனைந்தபோதும், நுண்தூசி தூவியபோதும் தேவைப்படும் இழுவையைக் குறித்துக்கொள்க. இழுவையைக் கட்டையின் எடையால் வகுத்தால் உராய்வு எண் கிடைக்கும்.

3. பள்ளிக்கு வரும் வண்டிகளின் டயர்களில் செய்த வாரம், பாரக் குறியீடு, தேய்வுக்குறி ஆகியவற்றை மாணவர் வாசித்துப் பட்டியலிடட்டும். தேய்வுக்குறி தெரியும் டயருக்குரியவரிடம் அதனைப் பணிவுடன் எடுத்துக்கூறச் செய்க.

முடிவாக, டயரைத் தேர்பவர் நான்கு கேள்விகளைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் செல்லும் சாலை எத்தகையது? சுமக்கும் பாரம் எவ்வளவு? மழையில் செல்ல நேருமா? ஆண்டில் எத்தனை கிலோமீட்டர்? இவற்றுக்கு விடை கண்டு, கையேட்டின் அளவுகளுக்குள் நின்று, செய்த நாளை நோக்கி வாங்குபவருக்குப் பெருந்தவறு நேராது. நல்ல டயரின் விலை ஒரு குடும்பத்துக்குச் சிறிதன்று என்பது உண்மையே. ஆனால் வடத்தின் விலையைக் கருதி அதன் காலத்தை நீட்டிக்கச் சுரங்க விதிகள் இடங்கொடுத்ததில்லை. தங்கவயல் நன்கறிந்த அவ்விதியை டயருக்கும் பொருந்தச் செய்தலே அறிவுடைமையாகும்.