யாழ்ப்பாணத்துக்கு மூட்டை கட்டுமுன்

சென்னையின் மீனவர் ஊரான ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பையன்கள் சிலர் நண்பர்களாகச் சேர்ந்து இலங்கைக்குப் போக வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு இது. பெசன்ட் நகரிலிருந்தோ மயிலாப்பூரிலிருந்தோ பேக்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பும் யாருக்கும் உதவும். 1983 முதல் 2009 வரை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் நடந்த நாடு அது. அங்கே போகும் தமிழ்நாட்டுக்காரருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: 'நம்ம சொந்தக்காரங்க ஊர்தானே' என்ற நினைப்பு. அதை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். உரிமை கொண்டாடாமல் விருந்தாளியாகப் போங்கள். கீழே சொல்வதெல்லாம் அதை ஒட்டித்தான்.

ஆளும் தேதியும்

நான்கு பேருக்கு மேல் சேராதீர்கள். நான்கு பேர் வந்தால் ஒரு வீட்டு விறாந்தையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார்கள், பேச்சும் வரும். பத்துப் பேர் போனால் நீங்கள் உங்களுக்குள்ளேயே சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பிவிடுவீர்கள். குடிக்காமல் ஒரு வாரம் இருக்க முடியாதவரைச் சேர்க்க வேண்டாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை தவிர்த்துவிடுங்கள். அங்கேயும் அதே வடகிழக்குப் பருவமழைதான். அந்த மாதங்களில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலையும் நிறுத்திவிடுவார்கள். ஆடி, ஆவணியில் நல்லூர் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். பார்க்க வேண்டிய திருவிழா, ஆனால் அறை கிடைப்பது கஷ்டம். மே 18, போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று அங்கே இருக்க நேர்ந்தால் ஓரமாக நில்லுங்கள், அவர்கள் நினைவாகத் தரும் கஞ்சியை வாங்கிக் குடியுங்கள், போனை வெளியே எடுக்காதீர்கள்.

பயணமும் காகிதமும்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் இருக்கிறது. எனக்குக் கப்பல்தான் பிடிக்கும். போரால் நின்றுபோன கடல்வழிப் போக்குவரத்து 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. கடல் அமைதியாக இருந்தால் நான்கு மணி நேரம் போல ஆகும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். விசா அனுமதியை இலங்கை அரசின் இணையதளத்திலேயே வாங்கலாம், ஏஜெண்டுக்குக் காசு தர வேண்டியதில்லை. விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பேக்கில் என்ன வைக்கக் கூடாது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். புலிகளின் சின்னமோ அவர்கள் தலைவர் படமோ போட்ட பனியன், ஸ்டிக்கர், கொடி எதுவும் வேண்டாம். போன் வால்பேப்பரையும் மாற்றிவிடுங்கள். இங்கே நமக்கு அது உணர்ச்சி. அங்கே 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. நீங்கள் ஒரு வாரத்தில் ஊர் திரும்பிவிடுவீர்கள்; உங்களுக்குச் சோறு போட்ட வீட்டுக்காரரிடம்தான் 'யார் வந்தது, என்ன கதைத்தது' என்று விசாரிக்க வருவார்கள். புத்தர் உருவம் போட்ட துணியும் கூடாது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதும் அங்கே குற்றம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கிளம்புமுன் ஒரு மாதம்

'முறிந்த பனை'யைப் படியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய நூல். அவர்களில் ஒருவரான டாக்டர் ராஜினி திரணகம 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு, இயக்கங்கள், இந்தியப் படை என யாரையும் விட்டுவைக்காமல் எழுதியிருக்கிறார்கள். போகும் நீங்கள் ஆளுக்கொரு பகுதியைப் படித்துவிட்டு, சாயந்திரம் கடற்கரையில் உட்கார்ந்து பேசுங்கள். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. தெரிந்தவர் அங்கே இருந்தால் போய்ப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்காமல் கடல் தாண்டிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

யாழ்ப்பாணத்தில்

முதல் நாள் பொது நூலகத்துக்குப் போங்கள். 1981 மே 31 இரவு அதற்குத் தீ வைத்தார்கள்; 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. இப்போது நிற்பது மீண்டும் கட்டிய வெள்ளைக் கட்டடம். பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள், சத்தம் போடாதீர்கள்.

அடுத்து போதனா மருத்துவமனை. அமைதி காக்கவென்று 1987-ல் போன இந்தியப் படை, அந்த ஆண்டு அக்டோபர் 21, தீபாவளியன்று அதற்குள் நுழைந்தது. மறுநாள் வரை மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். உங்கள் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட். யாராவது இதைப் பற்றிப் பேசினால் நியாயம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருப் பக்கம் நடந்து பாருங்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஒருவர் காயத்தைக் கேட்டுவிட்டு அடுத்தவர் காயத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

பாசையூர்க் கரையில்

குப்பத்துப் பிள்ளைகள் இதைத் தவறவிடக் கூடாது. விடியற்காலையில் பாசையூர்க் கரைக்குப் போங்கள். வள்ளங்கள் வந்து சேரும், நண்டு வலையை மணலில் பரப்பி நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கொடுக்கு ஒடியாமல், கண்ணி அறுபடாமல், காலை ஒவ்வொன்றாக விடுவித்து நண்டைக் கழற்றும், நம் குப்பத்தில் செய்யும் அதே வேலை. கேமராவை உள்ளே வைத்துவிட்டு, 'நாங்களும் பிடிக்கவா ஐயா' என்று கேட்டு உட்காருங்கள். பத்து நிமிடத்தில் உங்கள் கை தொழில்காரக் கை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாம் வஞ்சிரம் என்பதை அவர்கள் அறக்குளா என்பார்கள், பேச்சு அப்படித்தான் தொடங்கும்.

கொஞ்ச நேரத்தில் கேள்வி வரும்: 'நீங்கள் இழுவைப் படகோ?' போர்க்காலம் முழுக்க அவர்களுக்குக் கடல் மறுக்கப்பட்டிருந்தது. மறுபடி வலை வாங்கித் தொழில் தொடங்கினால், தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் இரவில் வந்து அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. இழுவைமடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. இங்கே நாம் செய்தியில் கேட்பது நம்மவர் கைதும் படகு பறிமுதலும்தான். அங்கே கேட்பது அறுந்த வலையின் விலை. இதற்குப் பதில் சொல்ல நம் குப்பம் தகுதியான இடம். நாமும் ஃபைபர் படகில் சிறு வலை விடுகிறவர்கள். கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு என்று 1983-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தும், விசைப்படகு நம் வலையை அறுத்த கதை நம்மிடமும் இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். அதற்காக, கைதாகும் நம்மவரை விட்டுக்கொடுத்துப் பேச வேண்டியதில்லை. சுடுவதும் அடிப்பதும் தவறு என்று அவர்களிடமே சொல்லலாம், ஒப்புக்கொள்வார்கள்.

வன்னிக்குப் போகும்போது

ஏ9 சாலையில் பஸ் ஆனையிறவைத் தாண்டிக் கிளிநொச்சிக்குப் போகும். அங்கே கந்தசாமி கோயில் பக்கம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பிப்ரவரியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலே பல பெற்றோர் இறந்துவிட்டார்கள். அந்த அம்மாக்களில் யாரையாவது பார்க்க வாய்த்தால், அவர்கள் காட்டும் படத்தில் இருப்பவரின் பெயரைக் கேளுங்கள். 'கிடைச்சிடுவாங்கம்மா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடும் 'மிதிவெடி' என்ற எழுத்தும் இருந்தால் ஒதுங்குவதற்குக்கூட உள்ளே போகக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. 2009 மே மாதம் சனங்கள் கடந்து வந்த வட்டுவாகல் பாலம், அதற்கப்பால் நந்திக்கடல், முள்ளிவாய்க்கால். மணலில் துணியோ செருப்போ கண்ணில் பட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள், அது யாரோ ஒருவருடையது. இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். அதே கரையை 2004 டிசம்பர் 26 சுனாமியும் அடித்துப்போட்டது. அந்த நாளைப் பற்றி நாமும் பேசலாம், நம்மிடமும் சொல்ல இருக்கிறது.

யாரிடமும் 'நீங்க இயக்கத்துல இருந்தீங்களா' என்று கேட்காதீர்கள். 'எத்தனை பேர் போயிட்டாங்க' என்பதும் வேண்டாம். மீன், மழை, பிள்ளைகள் படிப்பு, எதைப் பற்றியும் பேசலாம். சொல்ல நினைப்பவர் தாமே சொல்வார்.

கொழும்பு வழியாகத் திரும்புங்கள்

ரயிலில் தெற்கே போங்கள். 1990-ல் நின்றுபோன யாழ்தேவி 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அந்தத் தண்டவாளத்தைப் போட்டது இந்தியாவின் இர்கான் நிறுவனம். கொழும்புக் கோட்டை நிலையத்தின் வாசலில் ஒரு சிலை நிற்கும். நம் குப்பத்தின் பெயரில் இருக்கும் அதே கர்னல் ஒல்காட். 1880-ல் இலங்கை போய்ப் பௌத்தரானவர், பௌத்தப் பள்ளிகள் எழ உழைத்தவர் என்று சிங்களவர் அவரை மதிக்கிறார்கள். 'எங்கள் ஊருக்கும் அவர் பெயர்தான்' என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். சிங்களவருக்கும் இழப்பு உண்டு என்பதை மறக்காதீர்கள். இடதுசாரிக் கட்சியான ஜேவிபியின் கிளர்ச்சியை 1987–89-ல் அரசு அடக்கியபோது பல்லாயிரம் சிங்கள இளைஞர்களும் காணாமல் போனார்கள். அவர்களுடைய தாய்மாரும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள்தான்.

ஊர் திரும்பியதும்

அனுமதி வாங்காத முகத்தை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். வீட்டின் பெயர், தெருப் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். எடுத்த படங்களை அச்சடித்து, அதில் இருப்பவர்களுக்கு அடுத்து போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள். நூல் அனுப்புகிறேன், வலை ஊசி அனுப்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த மாதமே அனுப்பிவிடுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஒரு போன் போடுங்கள், புயல் அறிவிப்பு வரும்போதும்.