புதிய பழக்கமும் விட்டுக்கொடுக்கும் பொழுதும்

தேகப்பயிற்சியாயினும், நூல் வாசிப்பாயினும், வீணை சாதகமாயினும், புதிதாக ஒரு நியமத்தை மேற்கொள்ள விரும்புகிறவர்கள் எதைச் செய்வது என்று ஆலோசிப்பதில் காட்டும் சிரத்தையை, அதற்காக எதை விடுவது என்று ஆலோசிப்பதில் காட்டுவதில்லை. நல்ல சங்கற்பங்கள் பல இடையில் நின்றுபோவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் துணிபு. இதைச் சூழ்ந்துள்ள சில நம்பிக்கைகளை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை: விடியலில் ஒரு மணி முன்னதாக எழுந்தால், எதையும் இழக்காமல் நேரம் கிடைத்துவிடும்.

உண்மை: அந்த ஒரு மணி ஆகாயத்திலிருந்து இறங்கி வருவதன்று. இரவில் முன்னதாகப் படுக்கிறவர் வீட்டாரோடு அளவளாவும் பொழுதை இழக்கிறார். வழக்கம்போலவே படுக்கிறவர் உறக்கத்தை இழக்கிறார். வயது வந்தோர் நாள்தோறும் 7 மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்குவது ஆரோக்கியத்துக்கு அவசியம் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அறிஞர்கள் 2015இல் பரிந்துரைத்தார்கள். அதிகாலையின் மேன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் முன் எழுந்து, எல்லோரும் உண்டபின் உண்டு, எல்லோருக்கும் பின் படுக்கும் ஒரு குடும்பத் தலைவியிடம் சென்று, இன்னும் ஒரு மணி முன்னதாக எழுந்திரு அம்மா என்று உபதேசிப்பது அநியாயம். அவளுக்கு வேண்டியது உபதேசமன்று. அவள் சுமக்கும் வேலையில் ஒன்றைப் பிறர் ஏற்றுக்கொள்வதே.

நம்பிக்கை: மனவுறுதி படைத்த பெரியோர், தொடங்கிய எதையும் இடையில் விடமாட்டார்கள்.

உண்மை: காந்தியடிகளின் சுயசரிதையைப் படித்தோர் இவ்வாறு கூறத் துணியமாட்டார்கள். வழக்கறிஞர் தொழிலும் பொதுப்பணியும் பொழுதையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்க வாழ்க்கையில், கீதையை மனப்பாடம் செய்ய விரும்பிய அவர், பல் துலக்கும் 15 நிமிடங்களையும் குளிக்கும் 20 நிமிடங்களையும் அதற்கென ஒதுக்கி, எதிர்ச்சுவரில் சுலோகங்கள் எழுதிய துண்டுத் தாள்களை ஒட்டி வைத்து, 13 அத்தியாயங்கள்வரை நெட்டுருச் செய்தார். பிறகு சத்தியாக்கிரகம் பிறந்து வளர்ந்து அவருடைய சிந்தனைப் பொழுது முழுவதையும் கவர்ந்துகொள்ளவே, மனப்பாடம் அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கிற்று. கீதைக்கு உள்ளவை 18 அத்தியாயங்கள் என்பதை நாம் அறிவோம். எஞ்சிய ஐந்துக்காக அவரிடம் மனவுறுதி குறைவு என்று யார் கூறுவார்? பெரியதொரு காரியத்துக்காகப் பிரியமானதொரு காரியத்தை அவர் தெரிந்தே விட்டுக்கொடுத்தார். அவ்விதம் விடுவது தோல்வியாகாது.

நம்பிக்கை: இருபத்தொரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டால், பழக்கம் தானாக நிலைத்துவிடும்.

உண்மை: முக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய தோற்றத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாட்களேனும் ஆகின்றன என்று மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1960இல் எழுதியதே பின்னர் இப்படித் திரிந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் இயல்பாகிவிட எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபடும் என்று அவர்கள் கணித்தனர். மூன்று வாரம் என்று எண்ணி ஐந்து புதிய பழக்கங்களை ஒருங்கே தொடங்குகிறவர், பல மாதச் செலவைச் சில வார வருமானத்தில் அடக்க முயல்கிறார்.

நம்பிக்கை: ஒரு நாள் தவறினால் எல்லாம் பாழ்.

உண்மை: அதே ஆய்வு இதை மறுக்கிறது. எப்போதேனும் ஒரு நாள் விட்டுப்போவது பழக்கத்தின் வளர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிப்பதில்லை.

நம்பிக்கை: முழுதாகச் செய்ய இயலாவிட்டால் செய்யாதிருப்பதே மேல்.

உண்மை: வயது வந்தோருக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பாவது வேண்டுமெனக் கூறும் உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்ய வேண்டுமென்ற பழைய நிபந்தனையை 2020இல் கைவிட்டதோடு, சிறிதளவு செய்வதும் ஒன்றுமே செய்யாமையினும் நன்று என்றும் அறிவித்தது.

ஆகவே, புதிய நியமம் ஒன்றைத் தொடங்க எண்ணும் அன்பர்கள், அதற்காக எந்தப் பொழுதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளுங்கள். அந்தப் பொழுதில் மனைவிக்கோ, கணவனுக்கோ, குழந்தைக்கோ பங்கு உண்டெனில், அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பின்னரே தொடங்குங்கள்.