தாம்பரத்தில் ஏறி கொடைக்கானல்

ரயிலுக்காகப் பெரும்பாக்கத்திலிருந்து எழும்பூர் வரை அலைய வேண்டாம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். கொடைரோட்டில் இறங்கினால் மலைக்கு இன்னும் சுமார் 80 கி.மீ. பாக்கி. சொந்தக் காரில் போனால் இ-பாஸ் கட்டாயம். 2024 மே முதல் இதுதான் நடைமுறை. அரசு பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நவம்பரைத் தவிருங்கள். இங்கே நம் தெருவை மூழ்கடிக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும் கொட்டும். ஜனவரியில் வானம் தெளியும். ஆனால் விடியலில் உறைபனி, குழந்தைகளுக்குக் குல்லா அவசியம். மே மாதம்? கூட்டத்தைப் பார்க்கலாம்.

ஏரி இயற்கையானதல்ல, மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கியது. படகுக்கு வரிசையில் நிற்பதைவிட, காலையிலேயே கரையோரச் சாலையில் ஐந்து கி.மீ. நடந்து சுற்றுவது மேல். குறிஞ்சிப்பூவுக்காகத்தான் பயணம் என்றால் 2030 வரை பொறுங்கள்.