கதையைக் குத்தகைக்கு விடுங்கள்: சிறுகதை எழுதிப் பிழைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிறுகதை மட்டும் எழுதிக் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டால், தமிழில் முடியாது என்றுதான் சொல்வேன். சிறுகதையையும் வைத்துக்கொண்டு நடத்த முடியுமா என்று கேளுங்கள். அதற்கு வழி உண்டு.

படி 1: பேனாவுக்கு முன்னால் கணக்கு நோட்டு

பன்னிரண்டு கதைகள் கொண்ட ஒரு தொகுப்பு, விலை 200 ரூபாய், ராயல்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி விற்றால் 10,000. கதை ஒன்றுக்கு 833 ரூபாய் சொச்சம். அந்த 500 பிரதியும் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும் என்று நம்பி வீட்டு வாடகை பேசாதீர்கள். பத்திரிகைச் சன்மானமும் இதழுக்கு இதழ் மாறும். பல சிற்றிதழ்களில் சன்மானம் என்பது கதை வந்த இதழின் ஒரு பிரதிதான், அதையும் சில சமயம் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் எழுதத் தோன்றினால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: அரிசிக்கு ஒரு வேலை

நம் பெரிய கதைக்காரர்களின் உத்தியோகத்தைக் கேட்டுப் பாருங்கள். தி. ஜானகிராமன் வானொலி, லா.ச.ரா. வங்கி, வண்ணதாசன் வங்கி, சுஜாதா பொறியாளர். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். வேலை இருந்ததால், எந்தக் கதையை எழுதுவது என்பதை அவர்களே முடிவு செய்ய முடிந்தது. வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவர்களும் உண்டு. ஜெமினி ஸ்டுடியோவை விட்டு வெளியேறிய அசோகமித்திரன் முழுநேர எழுத்தாளரானார். ஆனால் அவர் கதை மட்டும் எழுதவில்லை. ஆங்கிலத்திலும் கட்டுரைகள் எழுதினார், கணையாழி இதழின் ஆசிரியர் பொறுப்பையும் பார்த்தார்.

மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், ஒலிப்புத்தகத்துக்குப் பிரதி தயாரிப்பது என்று எழுத்தை ஒட்டிய கூலி வேலைகள் நிறைய இருக்கின்றன. மொழிபெயர்ப்பு கையைத் திருத்தும். விளம்பர வாசகம் கையைக் கெடுக்கும், ஆனால் பணம் நேரத்துக்கு வரும். எதை எத்தனை மணி நேரம் என்று பிரித்துக்கொள்வது உங்கள் பாடு.

படி 3: அனுப்புங்கள், தேதி குறித்து வையுங்கள்

இதழை வாங்கிப் படிக்காமல் அதற்குக் கதை அனுப்பாதீர்கள். வார இதழுக்கு இரண்டு பக்கம் தாண்டினால் பாரம், இலக்கிய மாத இதழில் அதே நீளம் போதாது. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பி, இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். தீபாவளி மலருக்கு ஆடியிலேயே அனுப்பிவிடுங்கள். ஐப்பசியில் போகும் கதைக்கு அங்கே இடம் இருக்காது.

கதை வந்து மூன்று மாதமாகியும் பணம் வரவில்லையா? வெட்கப்படாமல் கேளுங்கள். ஆசிரியரிடம் கேட்டால் சங்கடப்படுவார், கணக்குப் பிரிவில் கேட்டால் பான் எண் கேட்பார்கள். பான் எண் கேட்டார்கள் என்றால் பணம் பாதி வழி வந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 4: கிரயம் வேண்டாம், குத்தகை போதும்

இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சிறுகதை ஒரு துண்டு நிலம். கிரயம் எழுதிக் கொடுத்தால் ஒரு தடவைதான் காசு. குத்தகைக்கு விட்டால் பத்திரிகைக்கு ஒரு போகம், தொகுப்புக்கு ஒரு போகம், ஒலிவடிவத்துக்கு, பிற மொழிக்கு, திரைக்கு என்று தனித்தனிப் போகம்.

எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. இருபத்து நான்கு வயதில் ஒரு தொகை நூலுக்காக 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ‘சகல உரிமைகளும் நிரந்தரமாக’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பல வருடம் கழித்து அந்தக் கதையைக் குறும்படமாக எடுக்க ஒரு தம்பி அனுமதி கேட்டு வந்தபோது, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வேறொருவர் முகவரியைச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். ஆகவே கையெழுத்துக்கு முன் மூன்று இடத்தைப் பாருங்கள்: எந்த வடிவம், எத்தனை காலம், எவ்வளவு பணம். ‘சகல’, ‘நிரந்தர’ என்ற இரண்டு சொற்களை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் சண்டை வராது. அச்சடித்து வைத்திருக்கும் படிவம் அது, எதிர்முனையில் இருப்பவரே அதைப் படித்திருக்க மாட்டார்.

ஒரு கதை எத்தனை போகம் விளையும் என்பதற்கு ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சாட்சி. 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை அது. வாசகர்கள் அதன் முடிவைப் பற்றிச் சண்டை போட்டார்கள். முடிவு வேறாக இருந்தால் என்ற கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் பிறந்தது. நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் படமாக வந்தபோது திரைக்கதை வசனமும் ஜெயகாந்தனே எழுதினார். வெற்றிமாறனின் ‘விடுதலை’ படமும் ஜெயமோகனின் ‘துணைவன்’ என்ற சிறுகதையிலிருந்து கிளம்பியதுதான்.

படி 5: கோடம்பாக்கம் போகிறவர்களுக்கு

சினிமாக் கதை விவாதத்துக்குக் கூப்பிடுவார்கள். நல்ல சாப்பாடு கிடைக்கும். போவதற்கு முன்பு கதைச் சுருக்கத்தை உங்கள் மின்னஞ்சலிலிருந்து அவர்களுக்கு அனுப்பிவிட்டுப் போங்கள், தேதியோடு ஒரு தடயம் இருக்கட்டும். முன்பணம் வராமல் இரண்டாவது நாள் போகாதீர்கள்.

படி 6: விருதும் போட்டியும்

அனுப்புங்கள், அனுப்பியதை மறந்துவிடுங்கள். சாகித்திய அகாதெமி பரிசுத் தொகை 1 லட்சம் ரூபாய். அசோகமித்திரன், நாஞ்சில் நாடன், வண்ணதாசன் ஆகியோர் அதைச் சிறுகதைத் தொகுப்புகளுக்கே வாங்கினார்கள். எந்த வயதில் வாங்கினார்கள் என்று பார்த்துவிட்டு உங்கள் பட்ஜெட்டைப் போடுங்கள்.

படி 7: நோட்டின் கடைசிப் பக்கம்

ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கே வந்தது, எந்த உரிமை யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி. கடைசிப் பக்கத்தில் வாரிசு பெயரை எழுதுங்கள், உயிலிலும் சேருங்கள். பதிப்புரிமை நம் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு வீட்டாரிடம் இருக்கும், யாரிடம் பணம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

என் நோட்டில் மகள் பெயர் இருக்கிறது. போன வாரம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாக்கி என்ற பத்தியை மட்டும் கூட்டிச் சொன்னாள்.