குளிர் காலையில் கிளம்ப மறுக்கும் பழைய கார்

பழைய கார் வாங்குவதற்கான கடன் விண்ணப்பங்கள் எமது கிளைக்குத் தீபாவளியை ஒட்டி மிகுதியாக வரும். அந்தக் கார்களைப் பற்றிய மனக்குறைகளோ பொங்கலை ஒட்டி வந்து சேரும். அக்டோபர் மாதத்து வெயிலில் நல்ல காராகத் தோன்றியது ஜனவரி மாதத்துப் பனியில் தன் உண்மை நிலையைக் காட்டிவிடுவதே இதற்குக் காரணம். தில்லியில் ஜனவரி மாதக் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 7 முதல் 8 டிகிரி செல்சியஸ். 2021ஆம் ஆண்டின் முதல் நாளன்று அது 1.1 டிகிரிக்கு இறங்கியது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பணி மாறுதலில் வந்தவர்களுக்கு, காரும் குளிரில் முடங்கும் என்பது முதல் குளிர்காலத்தில்தான் தெரியவரும்.

சென்ற குளிர்காலத்தில் எமது வாடிக்கையாளர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வசிப்பவர். அவருடைய துணைவியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் சிகிச்சை. காலை ஆறரை மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆட்டோ கிடைப்பது அரிதாக இருந்ததால், தம் வைப்புத்தொகை ஒன்றை முடித்து, ஒன்பது ஆண்டு பழைய பெட்ரோல் கார் ஒன்றை அக்டோபரில் வாங்கினார். பின்னர் பொருத்தப்பட்ட சி.என்.ஜி. கிட் அதில் இருந்தது. எரிபொருள் செலவு குறையுமே என்று மகிழ்ந்தார்.

டிசம்பர் நடுவில் தொல்லை தொடங்கியது. பகலில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பும் கார், விடியற்காலையில் பதினைந்து இருபது முறை செல்ஃப் அடித்தால்தான் உயிர் பெற்றது. முதல் மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். இரண்டாமவர் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்தார். பலனில்லை. மூடுபனி அடர்ந்த ஒரு காலையில் கார் கிளம்பவே இல்லை, ஆட்டோவும் அகப்படவில்லை, அன்றைய சிகிச்சை தவறிப்போயிற்று. மூன்றாம் மெக்கானிக், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, என்ஜினைப் பிரிக்க வேண்டும், நாற்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றார். அந்தத் தொகைக்குத் தனிநபர் கடன் கேட்டுத்தான் பெரியவர் எமது மேசைக்கு வந்தார்.

வணிகவியல் படித்த நமக்குப் பற்று வரவு தெரியும். பிஸ்டன் வளையம் தெரியாது. ஆயினும் ஒரு கேள்வி இயல்பாகவே எழுந்தது: "வளையம் தேய்ந்ததென்று எதை அளந்து சொன்னார்?" எதையும் அளக்கவில்லை, சத்தத்தைக் கேட்டே சொன்னார் என்பது பெரியவரின் பதில். வாயிலருகே நின்றிருந்த எமது பாதுகாவலர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் லடாக் பகுதியில் வண்டிகளைப் பராமரித்தவர், கர்வால்காரர். "பாபுஜி, இன்றிரவு காரை அப்படியே விடுங்கள். காலை ஆறு மணிக்கு நான் வருகிறேன். அதற்கு முன் யாரும் சாவியைத் தொட வேண்டாம்" என்றார். மறுநாள் அவருடன் நாமும் சென்றோம். அன்று கற்றுக்கொண்டதே இப்பாடம்.

சுழல்கிறதா, பற்றுகிறதா?

குளிரில் கிளம்பாத காரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. சாவியைத் திருப்பும்போது என்ஜின் சோம்பலாகச் சுழல்கிறதா, அல்லது சுறுசுறுப்பாகச் சுழன்றும் தீப்பற்ற மறுக்கிறதா? இவை இரண்டும் இருவேறு நோய்கள். இந்த வேறுபாட்டைக் காணாமல் உதிரிபாகம் மாற்றுவது, கணக்கைப் பாராமல் காசோலை எழுதுவதற்கு ஒப்பாகும்.

சோம்பலாகச் சுழன்றால் ஐயம் பேட்டரியின் மேலும், அதன் முனைகளில் படியும் வெண்பூச்சின் மேலும், தரைக்கம்பி இணைப்பின் மேலும், கடைசியாக ஸ்டார்ட்டரின் மேலும் செல்ல வேண்டும். ஈய அமில பேட்டரி உறைநிலையில் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கையே தரும். அதே நேரத்தில் என்ஜின் எண்ணெய் குளிரில் தடித்துவிடுவதால், சுழற்றுவதற்குக் கூடுதல் விசை தேவைப்படும். வரவு குறையும் வேளையில் செலவு கூடுகிறது. கோல் மார்க்கெட்டிலிருந்து கன்னாட் பிளேஸ் வரை மட்டும் போய்வரும் காரில், காலையில் செல்ஃப் எடுத்துக்கொண்ட மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிச் சேர்வதற்குள் பயணமே முடிந்துவிடும்.

அளப்பதற்கு ஒரு மல்ட்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக உள்ளது, 12.2 என்றால் பாதிதான் உள்ளது. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியையோ இணைப்புகளையோ ஐயுறலாம். என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இல்லையெனில் குறை ஆல்டர்னேட்டரில் இருக்கக்கூடும். அந்நிலையில் எத்தனை புதிய பேட்டரி வாங்கினாலும் அவை ஒவ்வொன்றாக வறண்டுபோகும்.

பெரியவரின் காரில் 12.5 வோல்ட் இருந்தது. செல்ஃப் அடித்தபோது 10.4க்குக் கீழே இறங்கவில்லை. என்ஜின் விரைவாகவே சுழன்றது. ஆக, பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நலமே. புதிய பேட்டரி என்பதால் இது வியப்பன்று. ஆனால் பழைய பேட்டரியும் இதே வேகத்தில்தான் சுழற்றியதாகப் பெரியவர் நினைவுகூர்ந்தபோது, அந்தச் செலவு தேவையற்றதென்பது எல்லோருக்கும் விளங்கியது.

பெட்ரோலின் வயது

விரைவாகச் சுழன்றும் பற்றாத என்ஜினுக்குப் பெட்ரோலோ தீப்பொறியோ போதவில்லை என்று பொருள். அரிதாக அழுத்தக் குறைவும் காரணமாகலாம். பாதுகாவலர் எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பின் இருக்கையில் காதை வைத்துக்கொண்டு, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பச் செய்தார். நல்ல காரில் அப்போது இரண்டு மூன்று நொடிகள் பெட்ரோல் பம்ப்பின் ரீங்காரம் கேட்கும். இங்கு கேட்டது தேய்ந்த முனகல். மூன்று முறை ஆன், ஆஃப் என்று திருப்பிப் பின்னர் செல்ஃப் அடித்தபோது, ஐந்தாறு நொடிகளில் என்ஜின் தடுமாறியபடி பற்றிக்கொண்டது. பெட்ரோல் அழுத்தம் போதாமையே குறை என்பதற்கு இது வலுவான சான்று.

பிறகு அவர் பெட்ரோல் முள்ளைக் காட்டினார். அது அடியில் கிடந்தது. ரிசர்வ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள்?" என்றார். பெரியவர் வாங்கிய நாள் முதல் போடவே இல்லை. கேஸில்தானே ஓடுகிறது என்று எண்ணியிருந்தார்.

தில்லியில் சி.என்.ஜி. புதிதன்று. நகரப் பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1998இல் ஆணையிட்ட பின், நிரப்பு நிலையங்கள் பெருகி, கார்களும் அவ்வழியே வந்தன. ஆயினும் பின்னர் கிட் பொருத்தப்பட்ட கார்களுள் மிகப் பல பெட்ரோலில்தான் கிளம்பும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் வாயு, ரிடியூசரில் விரிவடையும்போது கடுமையாகக் குளிரும். என்ஜின் நீரின் வெப்பம் ரிடியூசரை எட்டும்வரை வாயுவைத் திறந்துவிடலாகாது. எனவே முதல் சில நிமிடங்கள் காரை நடத்துவது பெட்ரோலே.

டேங்க்கில் மாதக்கணக்கில் கிடக்கும் சிறிதளவு பெட்ரோல் என்ன ஆகும்? அதில் எளிதில் ஆவியாகும் மெல்லிய கூறுகள் முதலில் வெளியேறிவிடும். குளிரில் என்ஜினைப் பற்ற வைப்பவை அந்தக் கூறுகளே. எஞ்சியது பிசினாகத் திரண்டு இன்ஜெக்டரின் நுண்துளைகளை அடைக்கும். மேலும், பெட்ரோல் பம்ப் டேங்க்கினுள்ளே பெட்ரோலில் மூழ்கி, அதனாலேயே குளிர்ச்சி பெறுவது. பல கார்களில், கேஸில் ஓடும்போதும் அந்தப் பம்ப் சுழன்றுகொண்டே இருக்கும். டேங்க் வறண்டால் பம்ப் சூடேறித் தேயும். அக்டோபரில் இக்குறை தெரியாததற்கும் இதுவே விளக்கம்: இளஞ்சூட்டில் என்ஜினுக்குச் சிறிது பெட்ரோல் போதும், ஏழு டிகிரியில் அதற்கு மிக வளமான கலவை வேண்டும். தளர்ந்த பம்ப்பால் அதைத் தர இயலவில்லை.

பணிமனையில் அழுத்தமானி வைத்து அளந்தபோது ஐயம் உறுதியாயிற்று. இவ்வகை என்ஜின்களில் வழக்கமாக இருக்க வேண்டிய 3 முதல் 4 பார் அழுத்தத்தில் பாதிகூட இல்லை. பம்ப்பும் வடிகட்டியும் காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் வாங்கப்பட்டன. இன்ஜெக்டர்கள் கழற்றித் தூய்மை செய்யப்பட்டன. எல்லாம் சேர்ந்து பதினோராயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதோடு, சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் செய்தோம். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. வளையங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தனிநபர் கடன் விண்ணப்பத்தைப் பெரியவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடன் வழங்குவது எமது தொழிலாயினும் அன்று அதில் எமக்கு வருத்தமில்லை.

வேறு காரணங்களும் உண்டு. பம்ப் நன்றாக ஒலித்து, தீப்பொறியும் சரியாக இருந்தால், என்ஜின் நீரின் வெப்பத்தை அறிவிக்கும் சென்சாரைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினைச் சூடானதென்று அது தவறாக அறிவித்தால், கணினி பெட்ரோலைக் குறைத்துவிடும். இரவு முழுதும் நின்ற காரில் ஸ்கேனரைப் பொருத்தினால், நீரின் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 9 டிகிரி, மற்றது 60 டிகிரி என்றால் குற்றவாளி அகப்பட்டார். ஏப்ரல் 2013க்குப் பிந்திய கார்களில் இச்சோதனைக்கு வசதி உண்டு. டீசல் காரானால் க்ளோ பிளக்குகளே முதல் ஐயம். சுருள் வடிவ விளக்கு அணையும்வரை காத்திருந்தும் கார் திணறி, வெண்புகை கக்கிக் கிளம்பினால், அவற்றில் ஒன்றிரண்டு செயலற்றிருக்கலாம்.

எந்தக் காராயினும் ஒரே மூச்சில் பத்து நொடிகளுக்கு மேல் செல்ஃப் அடித்தலாகாது. இடையில் ஒரு நிமிடமாவது விடுதல் வேண்டும். அடைத்த கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவது உயிருக்கே ஆபத்து. கேஸ் வாடை வீசினால் சாவியையே தொடாமல் கதவுகளைத் திறந்துவிட்டு விலகி நிற்க வேண்டும்.

காரை எப்போது பார்ப்பது?

பெரியவர் அந்தக் காரை முதலில் பார்த்தது பகல் பதினோரு மணிக்கு. விற்றவர் அதை ஓட்டிக்கொண்டே வந்திருந்தார். சூடான என்ஜின் எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும். கடன் மூலம் வாங்கியிருந்தால் எமது மதிப்பீட்டாளர் கண்டுபிடித்திருப்பார் என்று பெருமை பேசவும் வழியில்லை. அவரும் பகலில்தான் செல்கிறார். ஆகவே வாங்குவோர்தாம் விடியற்காலையில், கார் நிற்கும் இடத்துக்கே செல்ல வேண்டும். முதலில் பானெட்டின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், உங்களுக்காக அதை முன்பே எழுப்பிவிட்டார்கள் என்று பொருள்; வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்திருந்தால் சாவியை நீங்களே வாங்கித் திருப்புங்கள். எச்சரிக்கை விளக்குகள் ஆன் நிலையில் எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே துண்டித்திருக்கலாம். சி.என்.ஜி. காரானால் பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். கரும்புகை எரிபொருள் மிகுதியின் அடையாளம்.

பெரியவரின் கதையில் பாதுகாவலருக்கும் தெரியாத ஒரு குறை இருந்தது. அது எமது கண்ணில் பட்டது. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று மட்டுமே இருந்தது. கேஸ் கிட் பதிவு செய்யப்படவே இல்லை. காப்பீட்டுப் பத்திரத்திலும் அதற்கான குறிப்பு இல்லை. இந்நிலையில் விபத்தோ தீயோ நேர்ந்தால் இழப்பீடு பெறுவது பெரும் சிக்கலாகிவிடும். சிலிண்டருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய நீரழுத்தச் சோதனைச் சான்றும் இல்லை. முந்தைய உரிமையாளரின் கடன் குறிப்பு நீக்கப்பட்டதா என்பதையும் ஆர்.சி.யிலேயே காணலாம், நீக்குவதற்கு 35ஆம் எண் படிவமும் கடன் தந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் தேவை.

தில்லியில் காரின் வயதும் முக்கியமானது. பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக்கூடாதென்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015ஆம் ஆண்டு ஆணையை, உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. அதன் பின்னும் இவ்விவகாரம் நீதிமன்றத்தின் முன் வந்தவண்ணம் இருப்பதால், வாங்கும் நாளில் நிலவும் விதியைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டறிந்து, கடன் தவணைக் காலத்தை அதற்குள் அமைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர் கிட்டை அங்கீகாரம் பெற்ற மையத்தில் சோதிக்கச் செய்து, சிலிண்டரை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பி, ஆர்.சி.யில் பதியவும் விண்ணப்பித்திருக்கிறார். அது கைக்கு வரும்வரை கேஸ் வால்வை மூடிவிட்டுப் பெட்ரோலிலேயே ஓட்டுகிறார். வாரம் மூன்று நாள், காலை ஆறே காலுக்கு, அந்தக் கார் முதல் திருப்பிலேயே கிளம்புகிறது.