மேடையேறப் போகும் பிள்ளைகளுக்கு

கல்லூரி கல்ச்சுரல்ஸில் 'மிஸ்டர்', 'மிஸ்' பட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, என்ன உடுத்துவது என்று வாட்ஸப் குரூப்பில் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பாடம் நடத்தி ஓய்வு பெற்றபிறகும் என்னை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

1. துணிப் பேச்சை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். படியில் தடுக்காமல் ஏற முடிந்தால் அது நல்ல உடை. புதுச் செருப்பைப் போட்டியன்றுதான் முதன்முதலாகப் போடுவேன் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

2. அறிமுகச் சுற்றில் "மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊர்" என்று நழுவாதீர்கள். ஊருக்குப் பெயர் இருக்கிறதல்லவா? ஒருமுறை ஒரு பெண் வந்தாள். "சின்னாளபட்டி. எங்க வீட்ல சுங்குடிக்கு முடிச்சுப் போடுவாங்க" என்றாள். திறமைச் சுற்றில் மற்றவர்கள் எல்லாரும் சினிமாப் பாட்டுக்கு ஆட, இவள் ஒரு வெள்ளைத் துணியை மடியில் போட்டு, நகநுனியால் துளி துளியாகக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கிக்கொண்டே பேசினாள். பிறகு சாயம் ஏற்றிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்த துணியை எடுத்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டினாள். சிவப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரியத் தெரிய, கடைசி வரிசையில் விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். இந்தத் துணிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்றும், முடிச்சுப் போடும் கைக்கு என்ன கூலி கிடைக்கிறது என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். வீட்டுத் திண்ணையில் பார்த்து வளர்ந்ததை நாலு பேர் முன்னால் விளக்கப் போய், அதை அவளே புதிதாகத் தெரிந்துகொண்டிருந்தாள். போட்டியால் கிடைக்கிற வளர்ச்சி என்று நான் நம்புவது இதைத்தான்.

3. அழகிப்போட்டி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். அமெரிக்காவின் நவாஹோ பழங்குடியினரைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள். 1952 முதல் 'மிஸ் நவாஹோ' தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டியிடும் பெண்ணுக்கு ஆட்டை அறுத்து, தோலுரித்துக் கூறுபோடத் தெரிய வேண்டும். தாய்மொழியில் பதில் சொல்லவும் தெரிய வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன், நம் விழுப்புரத்தில் நடக்கும் 'மிஸ் கூவாகம்' மேடையிலே திருநங்கைகளிடம் எச்.ஐ.வி. விழிப்புணர்வு பற்றிக் கேட்கிறார்கள். நடையும் உடையும் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வி.

4. கேள்விச் சுற்றில் உலக அமைதியைக் கொண்டுவராதீர்கள், காது புளித்துவிட்டது. "ஒருநாள் முதல்வரானால்?" என்றால், விடுதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலம் தடுக்கினால், "தமிழில் சொல்லலாமா?" என்று நேராகக் கேளுங்கள். யோசிக்கக் கொஞ்ச நேரம் வாய்மூடி நின்றால் பெரும்பாலும் மதிப்பெண் குறைப்பதில்லை. குறைக்கிற நடுவர்களும் உண்டு, அவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

5. மேடைக்குப் பின்னால் ஊக்கு கேட்டவளுக்கு ஊக்கு கொடுங்கள்.

6. தோற்றால் ரெண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், நடுவரிடம் சண்டைக்கு மட்டும் போகாதீர்கள்.

7. ஜெயித்தவர்களுக்குத்தான் வேலை அதிகம். சாஷைப் போட்டு ரீல்ஸ் எடுத்தபிறகு பெரும்பாலானோர் காணாமல் போகிறார்கள். பட்டம் கையில் இருக்கும் ஒரு வருஷம் கல்லூரி முதல்வர் அறைக் கதவு உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும். அதற்குள் பெண்கள் கழிவறைக்கு நாப்கின் தொட்டி கேளுங்கள். வாய் திறக்கவே கூசுகிற முதலாமாண்டுப் பிள்ளைகளைப் பிடித்து, மதிய இடைவேளையில் பேசிப் பழக்குங்கள். அடுத்த வருஷ விண்ணப்பத்தைத் தமிழிலும் அச்சடிக்கச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நீங்கள் கேட்டால் நடக்கும்.